காணாமல் போனவரும் காவல்துறையும்: புக்கிட் மெர்தாஜாமில் தேடலின் வரலாறு

1800இல் கெடா சுல்தானிடமிருந்து ஆங்கிலேயர் பெற்று, புரோவின்ஸ் வெல்லெஸ்லி எனப் பெயரிட்ட நிலப்பரப்பில் அடங்கியது புக்கிட் மெர்தாஜாம். இன்று அது பினாங்கின் மத்திய செபராங் பிறை மாவட்டத்தைச் சேர்ந்தது. காணாமல் போனவரை யார் நன்மைக்காகத் தேடுவது என்பதற்கு இங்கு நடைமுறையில் இருந்த சட்டங்கள் காலந்தோறும் வெவ்வேறு விடை தந்தன.

1840களில் இப்பகுதியின் கரும்புத் தோட்டங்களுக்குத் தமிழர்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டனர். ஒப்பந்தம் முடியுமுன் தோட்டத்தைவிட்டு ஓடுவது குற்றம். ஓடியவர் நோயாளியா, அடிக்கு அஞ்சியவரா என்பதைவிட, அவரைப் பிடித்து நீதிபதி முன் நிறுத்துவதே முதன்மையாக இருந்தது. சிறைவாசம் முடிந்தாலும் பாக்கி வேலை காத்திருந்தது. இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைத் திரட்டுவது 1910இல் நின்றது. வேலையைவிட்டு நீங்குவதற்கான சிறைத்தண்டனை 1920களின் தொடக்கத்தில் ஒழிந்தது.

மனநலம் குன்றி அலைந்தவர்களுக்கு வேறு சட்டம் இருந்தது. நீரிணைக் குடியேற்றங்கள் 1867வரை இந்திய ஆட்சியின் கீழ் இருந்தன. 1858ஆம் ஆண்டின் இந்தியச் சட்டம், அவ்வாறு அலைபவரைப் பிடித்து நீதிபதியிடம் ஒப்படைக்கும் கடமையைப் போலீஸுக்கு விதித்தது. 1871இல் இயற்றப்பட்ட நீரிணைக் குடியேற்றங்களின் தண்டனைச் சட்டம், இந்தியத் தண்டனைச் சட்டத்தைப் பின்பற்றியது. அதன் 309ஆம் பிரிவு தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கியது. சாக எண்ணி வீட்டைவிட்டுப் போனவரை உயிரோடு மீட்ட காவலரே அவர்மீது வழக்கும் தொடுக்கலாம் என்ற நிலை இதனால் உண்டானது. புகார் கொடுக்கக் குடும்பத்தினர் தயங்க அது ஒரு காரணமாயிற்று.

மாற்றம் மெல்ல வந்தது. 2010இல் நடைமுறைக்கு வந்த மலேசியாவின் 2001ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின்படி, மனநோயால் தமக்கோ பிறருக்கோ ஆபத்தாக இருப்பவரைக் காவலரோ சமூகநல அதிகாரியோ பிடித்தால், 24 மணி நேரத்துக்குள் மனநல மருத்துவமனைக்குப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். சிறுவர்களைப் பொறுத்தவரை, 2007இல் கோலாலம்பூரில் எட்டு வயதுச் சிறுமி காணாமல் போய்க் கொல்லப்பட்டது நாட்டை உலுக்கியது. அதன் விளைவாக, அமெரிக்காவின் 'ஆம்பர்' எச்சரிக்கையை ஒட்டிய 'நூர்' எச்சரிக்கை 2011இல் தொடங்கப்பட்டது. இது 12 வயதுக்கு உட்பட்ட சிறுவர்களுக்கானது.

தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய 309ஆம் பிரிவை மலேசியா 2023இல் நீக்கியது. அதே ஆண்டின் மனநலச் சட்டத் திருத்தம், நெருக்கடியில் தலையிடும் அதிகாரத்தைத் தீயணைப்புத் துறை, பொதுத் தற்காப்புப் படை போன்றவற்றின் அலுவலர்களுக்கும் விரிவாக்கியது.

காணாமல் போனவர் குறித்து 24 மணி நேரம் காத்திருக்காமல் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் செய்யலாம். மறதிநோயால் வழிதவறும் முதியோருக்கோ 'நூர்' எச்சரிக்கை பொருந்துவதில்லை. அவர்களைத் தேடும் பணி இந்தப் பொதுப் புகாரிலிருந்தே தொடங்குகிறது.