வெற்றுத் தொட்டிலும் வரலாறே

1683இல் இங்கிலாந்து இளவரசி ஆன், டென்மார்க் இளவரசர் ஜோர்ஜை மணந்தார். 17 முறை கருவுற்றும் அவர் மடி நிறையவில்லை. பெரும்பாலானவை கருவிலே கலைந்தன. அல்லது இறந்தே பிறந்தன. 1687 பெப்ரவரியில் பெரியம்மை, ஒரு வாரத்துக்குள் இரு பெண் குழந்தைகளையும் கொண்டுபோயிற்று. பின்னர் பிறந்து பிழைத்த ஒரே மகன் வில்லியமும் 1700இல், 11 வயது நிறைந்த சில நாட்களில் மறைந்தான்.

பாடநூல்கள் இத்துயரை ஒரு வரியில் கடந்து, 1701ஆம் ஆண்டின் வாரிசுரிமைச் சட்டத்துக்குப் போய்விடுகின்றன. அச்சட்டம் கத்தோலிக்க உறவினரை விலக்கி, புரட்டஸ்தாந்தரான ஹனோவர் குடும்பத்துக்கு முடியுரிமை வழங்கிற்று. 1702இல் ஆன் அரசியானார். 1708இல் கணவரையும் இழந்தார். 1714இல் அவர் கண்மூடியதும் ஜேர்மனியிலிருந்து வந்த முதலாம் ஜோர்ஜ் அரியணை ஏறினார்.

மன்னர்களின் போர்களை மனனம் செய்விக்கும் நாம், அந்தத் தாயின் வெற்றுத் தொட்டிலையும் வரலாறென்றே கற்பிக்க வேண்டும்.