மட்கு கழிப்பறை: திறப்பவர் யார்?

கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டம், மலம் முழுமையாக மட்குவதற்கு முன்பே மனிதக் கையால் அகற்றப்பட வேண்டிய கழிப்பறையைச் 'சுகாதாரமற்ற கழிப்பறை' என வரையறுக்கிறது. மட்கு கழிப்பறையைப் பழைய உலர் கழிப்பறையிலிருந்து பிரிக்கும் கோடு இதுவே.

கோவையின் புறநகர்களில் புதைசாக்கடை எட்டாத வீடுகள் செப்டிக் டேங்கையே நம்பியுள்ளன. அதற்குள் இறக்கப்பட்டு நச்சுவாயுவால் இறப்போரின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் வழங்க 2014இல் உத்தரவிட்ட உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அத்தொகையை 30 லட்சமாக உயர்த்தியது. தொட்டியே தேவைப்படாத மாற்று, கொங்கை அடுத்த காவிரிக்கரை முசிறியில் நடைமுறைக்கு வந்தது. திருச்சியின் 'ஸ்கோப்' தொண்டு நிறுவனம் அங்கு இத்தகைய கழிப்பறைகளைப் பரப்பியது. அதன் பொதுக் கழிப்பறையில் பயன்படுத்துவோருக்கே சிறு தொகையும் தரப்பட்டது.

அமைப்பு

தரைக்கு மேல், நீர் கசியாத இரண்டு அறைகள். மலம் அறைக்குள் விழும். சிறுநீர் தனிக் குழாய் வழியே குடத்தில் சேரும். கால் கழுவும் நீர் மூன்றாவது வழியில் கல்வாழைப் பாத்திக்குச் செல்லும். அறைக்குள் காற்றுக் குழாய் அவசியம்.

பராமரிப்பு

ஒவ்வொரு முறையும் சாம்பலோ, சுண்ணாம்பு கலந்த உலர்மண்ணோ ஒரு கை தூவ வேண்டும். அறைக்குள் நீர் புகக் கூடாது. ஈரம் மிகுந்தால் நாற்றமும் புழுவும் பெருகும். அப்போது கூடுதல் சாம்பலே மருந்து. முதல் அறை நிரம்பியதும் மூடி, இரண்டாவதைப் பயன்படுத்த வேண்டும். 20 முதல் 35 பாகை வெப்பநிலையில் ஓராண்டுக்கு மேல் மூடி வைக்க உலக சுகாதார நிறுவனத்தின் 2006ஆம் ஆண்டு வழிகாட்டி கூறுகிறது. குடற்புழு முட்டைகள் எளிதில் அழியாதவை என்பதால் இக்காலத்தைக் குறைக்கலாகாது. மட்கிய உரத்தைத் தென்னைக்கும் வாழைக்கும் இடலாம். சிறுநீரில் ஐந்து முதல் பத்து மடங்கு நீர் கலந்து வேரடியில் ஊற்றலாம். அறுவடைக்கு ஒரு மாதம் முன்பே நிறுத்திவிட வேண்டும்.

அள்ளும் கை

பராமரிப்புத் தவறும் வீட்டில் அறை சேறாகும். அதை அள்ள ஆள் தேடப்படும். அந்த ஆள் எந்தத் தெருவிலிருந்து அழைக்கப்படுவார் என்பதை இங்கே எவரும் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. மட்காத மலத்தை ஆள் வைத்து அள்ளச் செய்வது, முதல் முறையே ஓராண்டு வரை சிறையோ 50,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கத்தக்க குற்றம். எனவே மட்கு கழிப்பறையைப் பரிந்துரைக்கும் எவரும், உரத்தை அவ்வீட்டாரே, ஆண்கள் உட்பட, தம் கையால் எடுப்பார்களா என்பதை முதலில் கேட்டாக வேண்டும். இல்லையெனில் புதுப் பெயரில் கட்டப்படுவது பழைய உலர் கழிப்பறையே.