மரத்தூளும் மூக்குப் புற்றும்: சைனஸ் புற்றுநோயின் காரணம் கண்டறியப்பட்ட வரலாறு

முன்னுரை

மூக்கைச் சூழ்ந்த எலும்புகளுக்குள் காற்று நிறைந்த அறைகள் நான்கு இணைகளாக உள்ளன. இவற்றையே சைனஸ் என்கிறோம். கன்ன எலும்புக்குள் இருக்கும் மேக்சில்லரி அறையை ஆங்கில மருத்துவர் நத்தானியேல் ஹைமோர் 1651இல் விரிவாக விளக்கினார். இந்த அறைகளிலும் மூக்குக் குழியிலும் புற்று தோன்றுவது அரிது. ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் ஒருவருக்கும் குறைவாகவே வருகிறது. இத்தனை அரிதான நோய்க்குக் காரணம் தேடுவது எளிதன்று. ஒரு மருத்துவர் தம் பணிக்காலம் முழுவதிலும் விரல்விட்டு எண்ணத்தக்க நோயாளிகளையே காண்பார். அப்படியிருந்தும் இதன் காரணங்கள் சில ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டுள்ளன. நோயாளி என்ன தொழில் செய்தார் என்ற கேள்வியே அதற்கு வழி திறந்தது. அந்தக் கேள்வி 20ஆம் நூற்றாண்டில் கடந்துவந்த பாதையையும், இன்றைய நோயறிதலில் அதற்குரிய இடத்தையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

கிளிடாக் நிக்கல் ஆலை

தெற்கு வேல்ஸின் கிளிடாக்கில் வேதியியலாளர் லுட்விக் மாண்டின் முறைப்படி நிக்கலைச் சுத்திகரிக்கும் ஆலை 1902இல் இயங்கத் தொடங்கியது. அங்கு வேலை செய்தவர்களில் 10 பேருக்கு மூக்குப் புற்று வந்ததைப் பிரிட்டனின் தொழிற்சாலை ஆய்வாளர் துறையின் 1932ஆம் ஆண்டறிக்கை பதிவுசெய்தது. ஒரே ஆலையில் இத்தனை பேர் என்பதைத் தற்செயல் என்று ஒதுக்க முடியவில்லை. 1958இல் நோய்ப்பரவல் ஆய்வாளர் ரிச்சர்ட் டால் இறப்புப் பதிவுகளை ஒப்பிட்டு, இத்தொழிலாளரிடையே மூக்குப் புற்றின் அபாயம் பொதுமக்களுக்கு உள்ளதைப்போல் ஏறத்தாழ 150 மடங்கு என்று காட்டினார். முதலில் ஐயம் மாண்டின் முறையில் உருவாகும் நிக்கல் கார்பனைல் வாயுவின்மேல் விழுந்தது. ஆனால் தாதுவை வறுத்து அரைக்கும் பிரிவுகளில் பறந்த தூசியே முதன்மைக் காரணம் என்பது பின்னர் தெளிவாயிற்று. 1925க்கு முன் வேலைக்குச் சேர்ந்தவர்களே பெரும்பாலும் பாதிக்கப்பட்டனர். வேலைமுறை மாறியதும் நோய் குறைந்தது. தடுக்கக்கூடிய நோய் இது என்பதற்குக் கிடைத்த முதல் வலுவான சான்று இதுவே.

ஹை விக்கம் நாற்காலிப் பட்டறைகள்

இங்கிலாந்தின் ஹை விக்கம் நகரம் நாற்காலிக்குப் பேர்போனது. சுற்றியிருந்த சில்டர்ன் குன்றுகளின் பீச் மரங்களே அதன் மூலதனம். கால்களைக் கடைவோர், இருக்கைப் பலகை இழைப்போர், இயந்திரத்தில் தேய்ப்போர் எனப் பல தலைமுறைகள் மரத்தூளுக்கு நடுவில் உழைத்தன. 1960களில் அங்குப் பணியாற்றிய காது மூக்கு தொண்டை அறுவை மருத்துவர் எஸ்மி ஹாட்ஃபீல்ட், தம்மிடம் வந்த மூக்குப் புற்று நோயாளிகளில் மரவேலைக்காரர்கள் மிகுந்திருப்பதைக் கவனித்தார். ஆக்ஸ்ஃபர்டு மருத்துவர் ரொனால்ட் மக்பெத் 1965இல் இந்தத் தொடர்பை அச்சில் சுட்டினார். நோய்ப்பரவல் ஆய்வாளர் டொனால்ட் ஆச்செசனும் இவர்களுடன் இணைந்தார். 1968இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் அவர்களின் ஆய்வு வெளிவந்தது.

முடிவு அதிர்ச்சி அளித்தது. அறைகலன் தொழிலில் மரவேலை செய்வோரில் ஆண்டுக்கு 1000 பேருக்குச் சுமார் 0.7 பேர் என்ற அளவில் சுரப்பிப் புற்று, அதாவது அடினோகார்சினோமா, வந்துகொண்டிருந்தது. வேலையில் சேர்ந்ததற்கும் நோய் தெரிந்ததற்கும் இடையே சராசரியாக 40 ஆண்டுகளுக்கு மேல் சென்றிருந்தன. அதே தொழிலில் பாலிஷ் மட்டும் போட்டவர்களிடம் இந்த அபாயம் தென்படவில்லை. எனவே குற்றவாளி வார்னிஷ் அல்ல, மரத்தூளே என்ற முடிவு வலுப்பெற்றது. அடுத்த தேடல் நார்த்தாம்டன்ஷயரின் காலணித் தொழிலாளரை எட்டியது. தோல்தூசிக்கும் மூக்குப் புற்றுக்கும் உள்ள தொடர்பை 1970ஆம் ஆண்டின் கட்டுரை முன்வைத்தது. அறைகலன் தொழிலாளரின் மூக்குப் புற்றை 1969இல் பிரிட்டன் இழப்பீட்டுக்குரிய தொழில்நோயாக ஏற்றது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இல் மரத்தூளை மனிதருக்குப் புற்று விளைவிக்கும் முதல் தொகுதியில் சேர்த்தது.

தூள் தங்கும் இடம்

ஹாட்ஃபீல்ட் மரத்தொழிலாளரின் மூக்கை நேரில் சோதித்தபோது, நடு மூக்குமடலின் முன்முனையில் தூள் படிந்திருக்கக் கண்டார். மூக்கின் உட்சவ்விலுள்ள நுண்மயிர்கள் சளியைப் பின்னோக்கித் தள்ளி, படிந்த தூசியை அகற்றும். மரத்தூளுக்கு நாள்தோறும் ஆளானவர்களிடம் இந்த ஓட்டம் மந்தமடைகிறது. தூள் நெடுநேரம் ஒரே இடத்தில் தங்க, சவ்வின் செல்கள் தம் இயல்பை மாற்றிக்கொள்கின்றன. மரவேலைக்காரர்களின் புற்று பெரும்பாலும் கண்களுக்கு இடையிலுள்ள ஈத்மாய்டு பகுதியில் தோன்றுவதும் இதனோடு பொருந்துகிறது. பொதுவாக மிகுதியாகக் காணப்படுவது மேக்சில்லரி அறையில் தோன்றும் செதிள் செல் புற்று; அதில் புகைபிடித்தலுக்கும் பங்குண்டு.

அறிகுறிகள்

வெற்றறைக்குள் வளரும் கட்டி தொடக்கத்தில் எதையும் அழுத்துவதில்லை. அதனால் நோய் பெரும்பாலும் முற்றிய பிறகே தெரிகிறது. எந்தச் சுவரைத் துளைக்கிறதோ அதற்கேற்ப அறிகுறி அமையும். மூக்குப் பக்கம் வளர்ந்தால் ஒரு பக்க மூக்கு மட்டும் அடைக்கும். இரத்தம் கலந்த சளி வரும். மேக்சில்லரியின் தரை அரிக்கப்பட்டால் மேல் கடைவாய்ப் பற்கள் ஆடும், மேலண்ணம் வீங்கும், பொய்ப்பல் திடீரெனப் பொருந்தாமல் போகும். அதன் கூரை வழியே செல்லும் நரம்பு தாக்கப்பட்டால் கன்னம் மரத்துப்போகும். கண்குழியை எட்டினால் கண் பிதுங்கும், நீர் வடியும், பார்வை இரட்டையாகும். பின்சுவரைக் கடந்தால் வாய் திறப்பதே கடினமாகும். மருத்துவர் ஓங்கிரென் 1933இல் கண்ணின் உள்மூலையிலிருந்து தாடைக்கோணம்வரை ஒரு கோட்டைக் கற்பனையாக வரைந்தார். அதற்கு மேலும் பின்னும் உள்ள கட்டிகளைக் குணப்படுத்துவது கடினம் என்று அவர் வகுத்த விதி இன்றும் பயிற்றுவிக்கப்படுகிறது.

சாதாரணச் சைனஸ் அழற்சி பெரும்பாலும் இரு பக்கமும் வரும், மருந்துக்கு அடங்கும். ஒரே பக்கத் தொல்லை வாரக்கணக்கில் நீடித்தால் எண்டோஸ்கோப்பி, சி.டி. ஸ்கேன், திசுச் சோதனை ஆகியவற்றைத் தள்ளிப்போடக் கூடாது.

முடிவுரை

இவ்வரலாறு உணர்த்துவது ஒன்றே: தொழில் விவரம் நோயறிதலின் முதன்மைச் சான்றுகளில் ஒன்று. நீண்ட மறைவுக்காலத்தால், ஓய்வுபெற்ற தச்சரோ அவருடைய மருத்துவரோ பழைய பட்டறையை நினைத்துப் பார்ப்பதில்லை. வலுவான சான்றுகள் பீச், ஓக் போன்ற அகன்ற இலை மரங்களைப் பற்றியவை. நம் பட்டறைகளின் தேக்கும் வேம்பும் அந்த வகையைச் சேர்ந்தவையே. ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்தின் காலணித் தொழிலாளருக்கு நார்த்தாம்டன்ஷயர் ஆய்வு நேரடியாகப் பொருந்தக்கூடியது. முகத்தில் கட்டும் துண்டு நுண்தூளைத் தடுக்காது. இயந்திரத்தின் வாயிலேயே தூளை உறிஞ்சும் அமைப்பும் தகுந்த முகக்கவசமும் தேவை. ஐரோப்பிய ஒன்றியம் கடின மரத்தூளின் வரம்பை ஒரு கனமீட்டர் காற்றுக்கு 2 மில்லிகிராமாகக் குறைத்திருப்பது, இது எட்டக்கூடிய இலக்கு என்பதைக் காட்டுகிறது. நம் மருத்துவமனைகளின் நோயாளிப் பதிவேட்டில், இப்போதைய வேலையோடு 40 ஆண்டுகளுக்கு முன் செய்த வேலையையும் கேட்டு எழுதும் வழக்கம் வர வேண்டும். பணச்செலவு ஏதுமில்லாத இந்தக் கேள்வி பலருடைய நோயை உரிய காலத்தில் காட்டிக்கொடுக்கும்.