காட்சி நிரல் தொகுதியும் கைப்பேசியும்

கைப்பேசியின் படக்கருவி முகத்தை அறிகின்றது. எழுத்தைப் பிரித்துக் காண்கின்றது. இவ்வாற்றல் கைப்பேசியோடு உடன்பிறந்தது என்று கருதுவார் உளர். ஓப்பன்சிவி என்னும் நிரல் தொகுதியின் வரலாறு அக்கருத்தை மறுக்கின்றது.

இத்தொகுதியை 1999-ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனத்தில் தொடங்கியவர் கேரி பிராட்ஸ்கி என்பார். அந்நாளில் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்து ஊடக ஆய்வகம் போன்ற சில இடங்களில், காட்சி நிரல்கள் மாணவர் கையினின்றும் மாணவர் கைக்கு வழிவழியாக வந்தன. ஏடு பெயர்த்தெழுதிக் காத்த மரபினை ஒத்தது இது. அவ்வட்டத்திற்குப் புறத்தே நின்றார்க்கு அந்நலம் வாய்க்கவில்லை. அதனை யாவர்க்கும் பொதுவாக்குதல் ஒரு நோக்கம். விரைவு மிக்க சில்லுகளுக்கு வேட்கையை வளர்த்தல் நிறுவனத்தின் மற்றொரு நோக்கம். தொகுதியின் முதல் வடிவம் 2000-ஆம் ஆண்டிலும், 1.0 பதிப்பு 2006-ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. வயோலா, ஜோன்ஸ் என்னும் இருவர் 2001-இல் வெளியிட்ட முகங்காணும் முறையும் இதன்கண் இடம்பெற்றது.

ஆண்ட்ராய்டு இயங்குதளத்தின் முதற் கைப்பேசி 2008-இல் விற்பனைக்கு வந்தது. மேசைக் கணிப்பொறிக்கென எழுந்த தொகுதி பின்னர் அதனுட் புகுந்தபொழுது எய்திய இடர்ப்பாடுகள் ஈண்டு ஆராயத்தக்கன. முதலாவது மொழி வேறுபாடு. தொகுதி சி, சி++ மொழிகளில் அமைந்தது. செயலிகளோ ஜாவாவில் எழுதப்பட்டன. இரண்டற்கும் இடையே பாலம் வேண்டியதாயிற்று. இரண்டாவது நினைவகம். படத்தைத் தாங்கும் இடம் ஜாவாவின் தூய்மைப் பணிக்குப் புறத்தே அமைந்தமையின், உரிய பொழுதில் அதனை விடுவியாதவழி, படங்கள் குவிந்து செயலி நின்றுவிடும். மூன்றாவது நிறம். படக்கருவி ஒளியையும் நிறத்தையும் வெவ்வேறாகத் தருகின்றது. தொகுதியோ நீலம், பச்சை, சிவப்பு என்னும் வரிசையை வழக்கமாகக் கொண்டது. வரிசை மாறின் சிவப்பு நீலமாகும்.

இவ்வேறுபாட்டிலேயே ஒரு நன்மையும் உண்டு. 640க்கு 480 புள்ளிகள் கொண்ட படத்தை நான்கு கூறாக மாற்றின், ஒரு படத்திற்கு 12,28,800 பைட்டுகள் வேண்டும். நொடிக்கு முப்பது படமெனின், 3,68,64,000 பைட்டுகள். முகங்காண்டற்கு நிறம் வேண்டுவதன்று. ஒளிக்கூற்றை மட்டும் மாற்றமின்றிக் கொள்ளின் 3,07,200 பைட்டுகளே ஒரு படத்திற்கு அமையும். சிறிய கருவியிற் பெரிய தொகுதி இயங்குதற்கு இத்தகைய சிக்கனமே துணையாயிற்று.

விரைந்த சில்லுகளை விற்கும் கருத்தொடு வளர்க்கப்பட்ட தொகுதி, பெரும்பாலும் ஆர்ம் வடிவமைப்பினைத் தழுவிய கைப்பேசிச் சில்லுகளில், ஆற்றலைச் சிக்கனமாகச் செலவிட்டு வாழ்வது கருதற்குரியது. 2008 முதல் வில்லோ கராஜ் என்னும் நிறுவனம் அதனைப் பேணியதும், யாவரும் எடுத்தாளும் உரிமை தொடர்ந்து நின்றதும் இதற்குக் காரணங்கள் ஆகும். வாணிக நோக்கம் தான் கருதிய எல்லையைக் கடந்து பிறர்க்குப் பயன்பட்டது. பொதுமை நோக்கமோ நிலைபெற்றது. ஆகவே, கைப்பேசியின் காட்சியாற்றல் கைப்பேசி ஈன்றதன்று. முன்னரே பொதுவில் வைக்கப்பட்ட கல்வியின் பயனே என்பது தெளிவாம்.