மழைக்காலத்திற் பிளந்த பித்தளை

துப்பாக்கித் தோட்டாவின் வரலாற்றில் இந்திய நாட்டுக்கு இரண்டு இடங்கள் உண்டு. முதலாவதை அறியாதவர் மிகச் சிலரே. 1857ஆம் ஆண்டின் தொடக்கத்திலே, கல்கத்தாவை அடுத்த டம்டம் பாசறையில் ஒரு செய்தி பரவிற்று. என்பீல்ட் துப்பாக்கிக்கென வந்த புதிய காகிதத் தோட்டாக்களிற் பசுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் தடவப்பட்டுள்ளன என்பதே அச்செய்தி. தோட்டாவின் நுனியைப் பல்லாற் கடித்துக் கிழித்து, மருந்தைக் குழலினுட் கொட்ட வேண்டியிருந்த காலம் அது. இந்துச் சிப்பாய்களும் முஸ்லிம் சிப்பாய்களும் ஒருங்கே மனம் கொதித்தனர். அவ்வாண்டு மே மாதம் 10ஆம் திகதி மீரட்டில் மூண்ட கிளர்ச்சி வட இந்தியாவின் பெரும் பகுதியிற் பரவியது.

இரண்டாவது கதையைப் பலர் அறியார். அது பித்தளைத் தோட்டாக்கள் வந்த பின்னர் நிகழ்ந்தது. பெட்டியில் வைத்தது வைத்தபடியே இருக்க, எவரும் சுடாமலே, புத்தம் புதிய பித்தளைக் கூடுகள் தாமாகப் பிளந்துபோன கதை அது. அதன் காரணத்தைத் தெளிவாகக் காண 1921ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

காகிதத்தின் இடத்தைப் பித்தளை பிடித்தது எவ்வாறு? பின்புறமாக மருந்திடும் துப்பாக்கிகள் பரவியபோது ஒரு பெருங் குறை தோன்றியது. மருந்து எரியும்போது எழும் வாயு பின்பக்க மூட்டின் வழியே கசிந்து, சுடுபவனின் முகத்தைத் தாக்கியது. பித்தளைக் கூடு அக்குறையைத் தீர்த்தது. மருந்து எரியும் கணத்திற் கூட்டின் சுவர் விரிந்து குழலின் சுவரோடு ஒட்டிக்கொண்டு வாயுவை அடைக்கும். அழுத்தம் தணிந்ததும் சிறிதே சுருங்கும். அதனாற் கூட்டை வெளியே இழுப்பது எளிதாகும். நெகிழவும் வேண்டும், மீளவும் வேண்டும். செம்பு எழுபது பங்கும் துத்தநாகம் முப்பது பங்குமாகச் சேர்ந்த பித்தளை இவ்விரு குணங்களையும் ஒருங்கே உடையது.

இங்கிலாந்தில் வூல்விச் நகரத்து அரச ஆய்வுசாலைக்குப் பொறுப்பாயிருந்த எட்வேட் பொக்சர் என்னும் படையதிகாரி, 1866ஆம் ஆண்டளவிற் பித்தளைத் தோட்டாவொன்றை வகுத்தார். மெல்லிய பித்தளைத் தகட்டைச் சுருட்டி, இரும்பாலான அடியிற் பொருத்திய கூடு அது. சுருள் தகடு மலிவானது, ஆயினும் உறுதியற்றது. 1885ஆம் ஆண்டு ஜனவரி 17ஆம் திகதி, சூடான் பாலைவனத்தில் அபு கிளியா என்னுமிடத்தில் நடந்த போரில், சூடேறிய மாட்டினி ஹென்றித் துப்பாக்கிகளினுள் இத்தகைய கூடுகள் சிக்கிக்கொண்டன. எதிரி நெருங்கி வரும் வேளையில் துப்பாக்கி வெறுந் தடியாயிற்று. அதன்பின் சுருட்டிய கூடு படிப்படியாகக் கைவிடப்பட்டு, ஒரே துண்டுப் பித்தளையிலிருந்து இழுத்தெடுக்கப்பட்ட முழுக்கூடு அதன் இடத்தைப் பெற்றது.

இம்முழுக்கூடு செய்யும் முறையை அறிந்தாலே பின்வந்த புதிர் விளங்கும். முதலிற் பித்தளைத் தகட்டிலிருந்து காசு போன்ற வட்டம் வெட்டப்படும். அழுத்தப் பொறி அதனைச் சிறு கிண்ணமாக்கும். பின்னர் அக்கிண்ணம் படிப்படியாக ஒடுங்கிய அச்சுக்களினூடே தள்ளப்பட்டு நீண்ட குழலாகும். ஒவ்வொரு முறை இழுக்கப்படும்போதும் பித்தளை இறுகிக் கடினமாகும். அதனைச் சூளையிற் காய்ச்சி மீண்டும் இளக்கி, கந்தகத் திராவகத்திற் கழுவி, அடுத்த அச்சுக்கு அனுப்புவர். குடம் தட்டும் கன்னாரின் பட்டறையிலும் இதே நியதியைக் காணலாம். தட்டத் தட்டப் பித்தளை முறுகும். முறுகியதைக் காய்ச்சாமல் மேலும் தட்டினால் விளிம்பு வெடிக்கும். இரும்பைப் போலப் பித்தளையைச் சூடேற்றி நீரில் தோய்த்துக் கடினமாக்க இயலாது. சூடு அதனை இளக்குமேயன்றி இறுக்காது.

இறுதியாகக் கூட்டின் அடி பலமாக அழுத்தப்பட்டுக் கடினமாக்கப்படும். வாய்ப்புறம் குண்டின் அளவுக்கு ஒடுக்கப்படும். வெளித்தோற்றத்தில் அது பொன்போல மின்னும் குறையற்ற பொருள். ஆயினும் கடைசி முறை ஒடுக்கப்பட்ட வாயிலே, வளைத்த வில்லினுள் அடங்கிய விசையைப் போன்ற ஓர் இறுக்கம் வெளியே தெரியாமல் உறைந்திருக்கும். அதன்மீது குண்டும் செருகப்படும்போது இறுக்கம் மேலும் கூடும்.

இத்தகைய தோட்டாக்களே இந்தியப் பாசறைகளில் அடுக்கி வைக்கப்பட்டன. பருவமழை தொடங்கியதும் படை நடவடிக்கைகள் ஓயும். தோட்டாக்கள் வறண்ட காலம் வரும்வரை குதிரை லாயங்களிலும் அவற்றை அடுத்த கொட்டில்களிலும் கிடக்கும். மழை நின்று பெட்டிகளைத் திறந்தால், பல கூடுகள் வாயிலிருந்து நீளவாக்கிற் பிளந்திருக்கும். ‘பருவ வெடிப்பு’ என்று இதற்குப் பெயரிட்டனர். மழைப் பருவத்தில் நேர்ந்தமையால் இப்பெயர் வந்தது என்பர். பதப்படும் மரம் பிளப்பதை ஒத்திருந்தமையால் வந்தது என்பாரும் உளர். போர்முனையிற் பிளந்த தோட்டாவைப் பெற்ற சிப்பாயின் நிலையை எண்ணிப் பார்த்தால், இது அற்பமான குறையன்று என்பது புலனாகும். குண்டு தளரும், ஈரம் புகுந்து மருந்து கெடும், சுட்டாலும் வாயு பின்னோக்கிப் பாயக்கூடும்.

குற்றம் யாருடையது? பித்தளையின் கலவை பிழையா, வெப்பமா, ஈரமா என்ற ஐயங்கள் எழுந்தன. ஆனால் அதே ஈரமுள்ள வேறிடங்களில் வைத்த கூடுகள் பிளவாதிருந்தன. விடையை 1921ஆம் ஆண்டில் மூர், பெக்கின்ஸேல், மல்லின்ஸன் என்னும் மூன்று ஆங்கில உலோகவியலாளர் வெளியிட்டனர். குற்றவாளி ஒன்றன்று, இரண்டு என அவர்கள் காட்டினர். ஒன்று, கூட்டினுள் உறைந்த இறுக்கம். மற்றது, அமோனியா வாயு. குதிரையின் சிறுநீர் சிதையும்போது அமோனியா எழும். லாயத்தினுள் நுழைபவரின் மூக்கைத் துளைக்கும் நெடி அதுவே. ஈரக்காற்றிற் கலந்த அமோனியா செம்பை அரிக்க வல்லது. உலோகத்தின் பளிங்கு மணிகள் ஒன்றோடொன்று பொருந்தும் எல்லைகளிலே அது நுழைகின்றது. அங்கே ஏற்கெனவே விரிய முயலும் இறுக்கம் இருப்பின் பிளவு ஓடுகின்றது. இறுக்கம் இல்லாத பித்தளையை அமோனியா நிறம் மாற்றும், மேலே அரிக்கும், ஆனாற் பிளக்காது. அமோனியா அணுகாத இடத்தில் இறுக்கமுள்ள பித்தளை நெடுங்காலம் பிளவாதிருக்கும். இரண்டும் கூடிய இடத்திலேதான் அழிவு.

நோயின் காரணம் தெரிந்ததும் மருந்தும் தெளிவாயிற்று. ஏறத்தாழ 250 முதல் 300 சென்ரிகிரேட் பாகை வரையிலான இளஞ்சூட்டில் ஒரு மணி நேரமளவு வைத்தால், பித்தளையின் உறுதி பெரிதுங் குறையாமலே உள்ளிறுக்கம் தணியும். தோட்டாக் கூட்டின் வாயையும் கழுத்தையும் மட்டும் சுவாலையிற் சிறிது நேரம் காய்ச்சி இளக்குவதும் வழக்கம். அடிப்புறத்தில் அச்சூடு ஏறலாகாது. அது இளகினால் மருந்தின் அழுத்தத்தைத் தாங்காது. படைத் தோட்டாக்களின் கழுத்திற் காணப்படும் நீலமும் பழுப்பும் கலந்த கறை இவ்வாறு காய்ச்சியதன் அடையாளம். விற்பனைக்கென வரும் கூடுகளில் அதனை மெருகிட்டு அகற்றிவிடுவதுண்டு. அறியாதவர் அக்கறையைக் குறையென எண்ணுவர். உண்மையில் அது கூடு பதப்படுத்தப்பட்டதற்குச் சாட்சி.

சுட்ட கூட்டை எறியாது மீண்டும் மருந்திட்டுப் பயன்படுத்தும் வழக்கம் அமெரிக்காவில் வேரூன்றியது. 1870களில் மேற்குச் சமவெளிகளிற் காட்டெருமை வேட்டையாடியோர், விலை மிகுந்த பித்தளைக் கூடுகளைச் சேர்த்து வைத்து, தம் கூடாரத்திலேயே ஈயம் உருக்கிக் குண்டு வார்த்து நிரப்பினர். பொக்சரின் பெயரால் வழங்கும் கேப்பு முறையில் அடியின் நடுவே ஒரே துளை இருப்பதாற் பழைய கேப்பைத் தள்ளி அகற்றுவது எளிது. ஆங்கிலேயர் வகுத்த அம்முறையே அமெரிக்காவில் நிலைத்தது. மீள நிரப்புவோருக்கும் காய்ச்சி இளக்கும் பாடமே முதற்பாடம். ஒவ்வொரு முறை சுடும்போதும், அச்சில் ஒடுக்கும்போதும் கழுத்து முறுகும். உரிய காலத்திற் காய்ச்சாவிடில் அது பிளக்கும். புதிதாக வாங்கிய கூட்டையும் அவர்கள் அப்படியே நம்புவதில்லை. வாய் வட்டமாயுள்ளதா, நீளம் ஒத்துள்ளதா, விளிம்பிற் பிசிர் உண்டா எனப் பார்த்த பின்னரே ஏற்பர்.

பிற்காலத்திற் பித்தளைக் குழாய்கள், பொறியுறுப்புக்கள் ஆகியவற்றில் நேர்ந்த பல பிளவுகளுக்கும் இதே விளக்கம் பொருந்திற்று. இறுக்கமும் அரிப்பும் கூடி உலோகத்தைப் பிளக்கும் இயல்பு இன்று பொறியியல் மாணவர் அனைவரும் கற்கும் பாடம். அப்பாடத்தின் முதல் உதாரணமாகப் பெரும்பாலும் கூறப்படுவது, இந்திய மழைக்காலத்தில் குதிரை லாயத்தருகே கிடந்து பிளந்த அந்தத் தோட்டாக் கூடே.