ஷெல் கணக்கும் தமிழ் எழுத்தும்: சென்னை வீட்டுக் கணினிகளின் முதல் இணையத் தொடர்பு (1995–1999)

ஆய்வுச் சுருக்கம்

1990களின் பிற்பகுதியில் எழுதப்பட்ட தமிழ் மின்னஞ்சல்களில் உரோமன் எழுத்தே பரவலாகக் காணப்படுகிறது. இதனை எழுதியோரின் மொழிப்பற்றின் குறைவாகவோ ஆங்கிலக் கல்வியின் விளைவாகவோ கொள்வது வழக்கம். அக்காலச் சென்னையில் பழைய கணினிகளை இணையத்தோடு பிணைத்த ஷெல் கணக்கின் இயல்பே இவ்வழக்கிற்கு முதன்மைக் காரணம் என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: ஷெல் கணக்கு, மோடம், எழுத்துருக் குறியேற்றம், மயிலை, டிஸ்கி

முன்னுரை

அம்பத்தூர் தொழிற்பேட்டையை ஒட்டிய மண்ணூர்பேட்டையிலிருந்து, சேப்பாக்கம் சுவாமி சிவானந்தா சாலையில் அமைந்த விதேஷ் சஞ்சார் நிகம் நிறுவனத்தின் அலுவலகம் ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவு. 1995 ஆகஸ்டு 15 அன்று அந்நிறுவனம் பொதுமக்களுக்கான இணையச் சேவையைத் தொடங்கிய நகரங்களுள் சென்னையும் ஒன்று. அதற்கு முன்னர் இணையம் கல்வி நிறுவனங்களின் உடைமையாகவே இருந்தது. 1986இல் தொடங்கப்பெற்ற எர்நெட் திட்டத்தில் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் பங்கேற்றிருந்தது. மண்ணூர்பேட்டை போன்ற புறநகர்ப் பகுதியில் ஒரு வீட்டிலிருந்து இணையத்தை எட்டுவதற்குத் தொலைபேசிக் கம்பியே வழி. அவ்வழியில் எந்தக் கணினி செல்லலாம், எந்த எழுத்து செல்லலாம் என்பன தனித்தனி வினாக்கள்.

பழைய கணினியும் முனையமும்

தொடக்க ஆண்டுகளில் இருவகைக் கணக்குகள் வழங்கப்பட்டன. வரைகலைப் பக்கங்களைக் காண உதவும் டிசிபி/ஐபி கணக்கிற்கு ஆண்டுக்கு 15,000 ரூபாய். மாணவர்க்கான ஷெல் கணக்கிற்கு 500 ரூபாய். முன்னதில் வீட்டுக் கணினியே இணையத்தின் ஓர் உறுப்பாகிறது. பின்னதில் இணையத்தில் இருப்பது நிறுவனத்தின் யுனிக்ஸ் சேவையகம் மட்டுமே. வீட்டுக் கணினி அச்சேவையகத்தின் திரையும் விசைப்பலகையுமாக, அதாவது வெறும் முனையமாக, அமைகிறது. கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் உருவான லிங்ஸ் உலாவி, வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உருவான பைன் அஞ்சல் மென்பொருள் முதலியன சேவையகத்தில் இயங்கும். அவற்றின் எழுத்துகள் மட்டும் கம்பி வழியே வீடு வந்து சேரும்.

இவ்வமைப்பில் கணினியின் வயது பொருட்டன்று. வன்தட்டு இல்லாத எக்ஸ்டி வகைக் கணினியும் டெலிக்ஸ் அல்லது புரோகாம் மென்பொருள் அடங்கிய ஒரு நெகிழ்வட்டைக் கொண்டு இணைந்துவிடும். 1980களின் நடுவில் பள்ளிக் கணினிக் கல்வித் திட்டத்தின் வழி இந்தியாவிற்கு வந்த பிபிசி மைக்ரோவிற்கும் தொடர்வரிசைத் துறை உண்டு என்பதால், அதுவும் முனையமாகத் தகுதியுடையதே. விநாடிக்கு 9,600 பிட்டு வேகத்தில், தொடக்க, நிறுத்தப் பிட்டுகளையும் சேர்த்து எழுத்தொன்றுக்குப் பத்துப் பிட்டு எனக் கொண்டால், விநாடிக்கு 960 எழுத்துகள் வரும். 80 எழுத்து அகலமும் 25 வரியும் கொண்ட திரை இரண்டு விநாடிகளில் நிரம்பிவிடும். 50,000 பைட்டு அளவுள்ள ஒரு படத்திற்கு அதே கம்பியில் ஏறத்தாழ ஒரு நிமிடம் ஆகும். மலிவான கணக்கு படத்தைக் காட்டாதது ஒருவகையில் நேரச் சிக்கனமே.

ஷெல் கணக்கை முழு இணைப்பாக மாற்றும் உத்திகளும் இருந்தன. விண்டோஸ் 3.1இல் டிசிபி/ஐபி உள்ளடங்கியிருக்கவில்லை. அக்குறையைத் தாஸ்மேனியாவின் பீட்டர் டாட்டம் எழுதிய டிரம்பெட் வின்சாக் நிரப்பியது. கான்பெராவின் டேனி காஸ்பரோவ்ஸ்கி 1995இல் எழுதிய சிலிர்ப் என்னும் நிரலைச் சேவையகத்தில் இயக்கினால், ஷெல் இணைப்பின் மீதே வரைகலை உலாவி ஓடும். (அந்நிரல் இன்றும் மெய்நிகர்க் கணினி மென்பொருள்களுள் வாழ்கிறது.) ஆயின் பயனர் தம் நிரலை இயக்கச் சேவையகம் இசைந்தால்தான் இது கைகூடும், பட்டித் தேர்வுகளை மட்டும் காட்டும் கணக்கில் இயலாது. மேலும் பழைய கணினிகளின் 8250 வகைத் தொடர்வரிசைச் சில்லு ஒரே ஒரு எழுத்தை மட்டுமே தாங்கிவைக்கும். விண்டோஸ் பிற பணியில் ஈடுபட்ட கணத்தில் அடுத்த எழுத்து வந்தால் முந்தையது அழியும். பதினாறு எழுத்துகளைத் தாங்கும் 16550 சில்லு உள்ள கணினிகளுக்கு இவ்விடர் குறைவு. விண்டோஸ் 95 வெளிவந்தது 1995 ஆகஸ்டு 24 அன்று. சென்னையில் சேவை தொடங்கிய ஒன்பதாம் நாள். அதில் இவ்வசதிகள் உள்ளடங்கியிருந்தன எனினும், வீட்டில் இருந்த கணினிகள் ஒன்பது நாளில் புதியனவாகிவிடவில்லை.

திரையில் உரோமன், இணைப்பறுந்த பின் தமிழ்

1995 அக்டோபரில் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி தமிழ்க் கவிதைகளை வலையேற்றினார். சுவிட்சர்லாந்திலிருந்து கு. கல்யாணசுந்தரம் மயிலை எழுத்துருவையும், மலேசியாவிலிருந்து முத்து நெடுமாறன் முரசு அஞ்சல் மென்பொருளையும் வழங்கினர். இணையத் தமிழ் அயலகத்தில் வரைகலைத் திரைகளின் மேல் வளர்ந்தது. சென்னையின் ஷெல் முனையத்திற்கோ எழுத்துரு என்ற கருத்தே அயலானது. திரையில் தோன்றும் வடிவங்களைக் கணினியின் காட்சி அட்டையே முடிவு செய்தது. அதில் தமிழ் இல்லை. கான்பூரில் தொடங்கிப் புனேயின் சி-டாக் நிறுவனம் வளர்த்தெடுத்த ஜிஸ்ட் அட்டையைப் பொருத்தினால் டாஸ் திரையிலேயே தமிழ் தெரியும் என்பது உண்மை. எனினும் அவ்வட்டை அறிந்தது இஸ்கி குறியேற்றத்தை. அயலகத் தமிழர் அஞ்சல்கள் வந்ததோ வேறு குறியேற்றங்களில்.

மயிலை எழுத்துரு ஏழு பிட்டுக் குறியேற்றம் உடையது. உரோமன் எழுத்துகளின் இடங்களிலேயே தமிழ் வடிவங்களை அமர்த்தியது. இதனால் ஒரே எழுத்துருவில் ஆங்கிலமும் தமிழும் கலந்தெழுத இயலாது என்ற குறை குறிப்பிடப்படுவதுண்டு. ஷெல் பயனருக்கு அதுவே வாய்ப்பாயிற்று. மயிலையில் எழுதிய மடல் பழைய அஞ்சல் சேவையகங்களின் வழியே சிதையாமல் வந்து, பைன் திரையில் பொருளற்ற உரோமன் எழுத்துக் கோவையாகத் தோன்றும். அதனைக் கோப்பாகச் சேமித்து, இசட்மோடம் நெறிமுறையால் வீட்டுக் கணினிக்கு இறக்கி, இணைப்பைத் துண்டித்து, விண்டோஸ் 3.1இல் திறந்து, எழுத்துருவை மாற்றினால் தமிழ் மலரும். மறுமொழி எழுதவும் இதே படிகளைத் தலைகீழாக ஏற வேண்டும். விண்டோஸ் ஓடாத எக்ஸ்டியில் அதுவும் இல்லை.

ஆகவே தேர்வு தமிழெழுத்துக்கும் உரோமனுக்கும் இடையிலானதாக மட்டும் இருக்கவில்லை. ஐந்தாறு படிகளுக்கும் ஒரே படிக்கும் இடையிலான தேர்வாகவும் இருந்தது. கணக்கின் மணிநேரம் வரையறைக்குட்பட்டது. தொலைபேசிக் கட்டணம் தனி. உரோமனில் தட்டிய மடல் எந்த முனையத்திலும் உடனே படிக்கப்படும். அன்றைய உரோமன் தமிழை மொழி மனப்பான்மையின் சான்றாக மட்டும் அணுகும் ஆய்வுகள் இவ்வுழைப்புக் கணக்கை விட்டுவிடுகின்றன.

எட்டாவது பிட்டு

1997 முதல் மின்னஞ்சல் விவாதங்களின் வழி உருவான டிஸ்கி, முதல் 128 இடங்களை ஆங்கிலத்திற்கு விட்டு, மேல் 128 இடங்களில் தமிழை அமைத்த எட்டு பிட்டுக் குறியேற்றம். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் மயிலை, இணைமதி ஆகியவற்றிலிருந்து 1999இல் டிஸ்கிக்கு மாறியது. வரைகலைத் திரையில் இது தெளிவான முன்னேற்றம். எட்டாவது பிட்டை நீக்கும் பழைய அஞ்சல் மென்பொருளோ முனைய அமைப்போ வழியில் இருந்தால் மட்டும், ஒவ்வொரு தமிழ்க் குறியின் எண்ணும் 128 குறைந்துவிடும். ‘தமிழ்’ என்ற சொல் டிஸ்கியில் 190, 193, 162, 250 ஆகிய எண்களாகும். பிட்டு நீங்கியபின் அவை 62, 65, 34, 122 ஆகித் திரையில் ‘பெரியது’ என்னும் கணிதக் குறி, ஆங்கிலப் பெரிய ‘ஏ’, இரட்டை மேற்கோள் குறி, சிறிய ‘இசட்’ எனத் தோன்றும்.

1998 நவம்பரில் தனியார் நிறுவனங்களும் இணையச் சேவையில் இறங்கின. வரைகலை இணைப்பின் விலை சரிந்து ஷெல் கணக்கு வழக்கொழிந்தது. 1996இலேயே நகரம் சென்னை எனப் பெயர் மாறியபோதும், அஞ்சல் முகவரிகளின் சேவையகப் பெயரில் மதராசைக் குறிக்கும் ‘எம்டி’ நீடித்தது. அம்முகவரிகளைக் கொண்ட மடல்கள் தனியார் நெகிழ்வட்டுகளிலும் அச்சுப் படிகளிலும் கிடைக்கக்கூடும். அவற்றுள் சிதைந்தவையாகத் தோன்றுவனவற்றை ஆய்வாளர் ஒதுக்க வேண்டியதில்லை. முழுதும் தமிழில் அமைந்த மடலாயின், இடைவெளியும் வரிமுறிவும் நீங்கலாக ஒவ்வொரு குறிக்கும் 128ஐக் கூட்டினால் பெரும்பகுதி மீளும். ஆங்கிலமும் எண்களும் நிறுத்தக்குறிகளும் கலந்த இடங்களில் எது மூலத்திலேயே இருந்தது, எது பிட்டிழந்து வந்தது என்பதைச் சொல்லுக்குச் சொல் பதிப்பாசிரியரே முடிவு செய்ய வேண்டும்.