உடற்பருமன் அறுவை சிகிச்சைக்கு முந்தைய எடைக் குறைப்பு

உடற்பருமன் அறுவை சிகிச்சைக்கு முந்தைய எடைக் குறைப்பு என்பது, இரைப்பையையோ சிறுகுடலையோ மாற்றியமைக்கும் அறுவைக்குச் செல்லும் நோயாளி, அதற்கு முன்பே தம் எடையில் ஒரு பகுதியைக் குறைத்துக்கொள்வதாகும். மருத்துவமனைகளில் பேரியாட்ரிக் அறுவை என்று வழங்கப்படும் இச்சிகிச்சை 1950களில் தோன்றியது. ஆனால் 'முதலில் கொஞ்சம் இளைத்துவிட்டு வாருங்கள்' என்னும் நிபந்தனை பரவலானது 1990களுக்குப் பிறகுதான். எடையைக் குறைக்க முடியாதவர்தானே அறுவைக்கு வருகிறார், அவரிடமே எடையைக் குறைக்கச் சொல்வது முரண் அல்லவா என்ற கேள்வி எவருக்கும் எழும். இதற்கு ஒரே பதில் இல்லை. அறுவை மருத்துவர் இந்த நிபந்தனையை விதித்த காரணம் வேறு. அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்கள் விதித்த காரணம் வேறு. சொற்கள் ஒன்றாக இருந்ததால் இரண்டும் ஒன்றே என்று நெடுங்காலம் எண்ணப்பட்டது.

தொடக்கக் காலம்

1954-இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆர்னால்ட் கிரெமென், ஜான் லின்னர் ஆகியோர் தம் குழுவினருடன், சிறுகுடலின் பெரும்பகுதியை உணவுப் பாதையிலிருந்து விலக்கி இணைக்கும் முறையைப் பற்றி எழுதினர். உணவு உறிஞ்சப்படும் பரப்பு குறைந்தால் எடை குறையும் என்பது இதன் அடிப்படை. எடை குறைந்தது உண்மை. ஆனால் ஓயாத வயிற்றுப்போக்கு, சிறுநீரகக் கல், சிலருக்குக் கல்லீரல் செயலிழப்பு என்று விளைவுகள் தொடர்ந்ததால் பின்னர் இம்முறை கைவிடப்பட்டது. 1967-இல் அயோவா பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் மேசனும் சிக்காஷி இட்டோவும் இரைப்பை பைபாஸ் முறையை வெளியிட்டனர். இன்றுள்ள முறைகள் பலவற்றுக்கும் அதுவே முன்னோடி.

அக்கால அறுவைகள் அனைத்தும் வயிற்றை நீளமாகத் திறந்து செய்யப்பட்டவை. கல்லீரல் பெரிதாக இருந்தால் கையால் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு வேலையை முடிக்கலாம். அதனால் அறுவைக்கு முன் எடையைக் குறைப்பதற்குத் தனி முக்கியத்துவம் தரப்படவில்லை. உணவுக் கட்டுப்பாடு பலமுறை முயன்றும் பலிக்கவில்லை என்பதே அறுவைக்கான தகுதியாக இருந்தது. அதாவது, எடைக் குறைப்பில் தோற்றவருக்கே அறுவை. பின்னாளில் அதே எடைக் குறைப்பில் வென்று காட்டினால்தான் அறுவை என்று ஆனது, இவ்வரலாற்றின் விந்தையான திருப்பம்.

கடும் உணவுக் கட்டுப்பாடுகளின் கதை

அறுவைக்கு முந்தைய இன்றைய உணவுமுறை வேறொரு பாதையில் வளர்ந்தது. 1960களில் முழுப் பட்டினியையே சிகிச்சையாகச் சில மருத்துவமனைகள் முயன்றன. ஸ்காட்லாந்தின் டன்டீ நகரில் ஆங்கஸ் பார்பியரி என்பவர் 1965 முதல் 1966 வரை மருத்துவர்களின் கண்காணிப்பில் 382 நாட்கள் திட உணவின்றி இருந்தார். அவருடைய எடை சுமார் 207 கிலோவிலிருந்து 82 கிலோவாகக் குறைந்தது. அவருக்கு வைட்டமின்களும் தாது உப்புகளும் தரப்பட்டன. எல்லாருக்கும் இப்படி நல்லபடியாக முடியவில்லை. பட்டினிச் சிகிச்சையில் இறந்தவர்களும் உண்டு. 1970களில் மேல் தாடையையும் கீழ்த் தாடையையும் கம்பியால் கட்டித் திரவ உணவு மட்டும் உட்கொள்ளச் செய்யும் முறையும் இருந்தது. கம்பியை எடுத்ததும் எடை திரும்பியது.

அடுத்து வந்தது திரவப் புரத உணவு. ராபர்ட் லின் என்ற மருத்துவர் 1976-இல் எழுதிய நூலால் இது அமெரிக்காவில் பெரும் மோகமாயிற்று. விலங்குத் தோல், தசைநாண் போன்றவற்றிலிருந்து எடுத்த தரங்குறைந்த புரதமே அந்தப் பானம். 1977, 1978 ஆண்டுகளில் இதை மட்டும் உட்கொண்டு வந்தவர்களில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தது பதிவாயிற்று. பலரின் மரணத்துக்கு இதயத் துடிப்பு தாறுமாறானதே காரணம். பால், முட்டை, சோயா ஆகியவற்றின் தரமான புரதத்தோடு பொட்டாசியம் முதலிய தாதுக்களும் வைட்டமின்களும் சேர்த்து, மருத்துவரின் கண்காணிப்பில் மட்டுமே தரவேண்டும் என்ற பாடம் இந்த மரணங்களால் அழுத்தமாகப் பதிந்தது. நாளொன்றுக்கு 800 கிலோகலோரியோ அதற்கும் குறைவாகவோ தரும் இவ்வுணவு, மிகக்குறை ஆற்றல் உணவு எனப்படுகிறது. வளர்ந்த ஒருவர் வழக்கமாக உண்பதில் இது பாதிகூட இல்லை. பிற்காலத்தில் அறுவைக்கு முந்தைய இரண்டு வாரங்களுக்கு மருத்துவர்கள் எழுதித் தந்தது பெரும்பாலும் இவ்வகைப் புரதப் பொடிகளைத்தான்.

கல்லீரல் தந்த காரணம்

1994-இல் கலிபோர்னியாவின் சான் டியாகோ நகரைச் சேர்ந்த ஆலன் விட்குரோவ், வெஸ்லி கிளார்க் ஆகியோர், வயிற்றில் சிறு துளைகளிட்டு லேப்பராஸ்கோப்பி முறையில் இரைப்பை பைபாஸ் செய்த முதல் 5 நோயாளிகளைப் பற்றி வெளியிட்டனர். காயம் சிறிது, நோயாளி விரைவில் எழுந்து நடக்கலாம். ஆனால் மருத்துவரின் கை உள்ளே போகாது. கேமராவும் மெல்லிய நீண்ட கருவிகளும்தான் போகும். அங்கேதான் கல்லீரல் குறுக்கே நின்றது.

கல்லீரலின் இடது மடல் இரைப்பையின் மேற்பகுதியை மூடியபடி அமைந்துள்ளது. உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தைக் காண வேண்டுமானால் அந்த மடலை ஒரு கருவியால் தூக்கிப் பிடிக்க வேண்டும். மிகுந்த உடற்பருமன் உள்ளவர்களில் பெரும்பாலோருக்குக் கொழுப்பு படிந்த கல்லீரல் இருக்கும். அது பெருத்து, கனத்து, எளிதில் கிழியக்கூடியதாக ஆகிவிடுகிறது. தூக்கினால் இரத்தம் கசியும். தூக்காவிட்டால் இடம் தெரியாது. அப்படி ஆகும்போது துளைவழி அறுவையை நிறுத்திவிட்டு வயிற்றைத் திறக்க நேரிடும்.

மிகக்குறை ஆற்றல் உணவு இங்கே கைகொடுத்தது. உணவில் மாவுச்சத்து குறைந்தவுடன், கல்லீரல் தான் சேமித்து வைத்துள்ள கிளைக்கோசனை எடுத்துச் செலவிடுகிறது. ஒவ்வொரு கிராம் கிளைக்கோசனோடும் சுமார் 3 கிராம் நீர் பிணைந்திருப்பதால், முதல் சில நாட்களிலேயே நீரும் வெளியேறுகிறது. அதைத் தொடர்ந்து கல்லீரலில் படிந்த கொழுப்பு கரைகிறது. இடுப்புக் கொழுப்பு அசைவதற்கு முன்பே கல்லீரல் சுருங்கத் தொடங்கிவிடுகிறது.

இதை அளந்து காட்டியது ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் சூசன் கோல்ஸ் குழுவினர் செய்து 2006-இல் வெளியிட்ட ஆய்வு. 32 பேருக்கு 12 வாரங்கள் இவ்வுணவைத் தந்து, இடையிடையே உட்படம் எடுத்துப் பார்த்தனர். கல்லீரலின் பருமன் சராசரியாக 18.7 விழுக்காடு குறைந்தது. அந்தக் குறைவில் 80 விழுக்காடு முதல் 2 வாரங்களிலேயே நிகழ்ந்துவிட்டது. அறுவைக்கு முன் 2 வாரம் என்று பல மருத்துவமனைகள் கொண்ட கணக்குக்கு இது உறுதியான ஆதாரமாயிற்று.

2011-இல் ஐரோப்பாவின் பல மருத்துவமனைகள் சேர்ந்து 298 நோயாளிகளிடம் செய்த ஆய்வு வெளியானது. ஒரு பிரிவினர் 14 நாட்கள் இவ்வுணவில் இருந்தனர். மற்றவர்கள் வழக்கம்போல் உண்டனர். அறுவைக்கு ஆன நேரம் இரு பிரிவிலும் ஏறத்தாழ ஒன்றே. ஆனால் உணவுக்கட்டுப்பாட்டில் இருந்தவர்களிடம் அறுவை எளிதாக இருந்ததாக மருத்துவர்கள் மதிப்பிட்டனர். 30 நாட்களுக்குள் ஏற்பட்ட சிக்கல்கள் உணவுப் பிரிவில் 8, மற்றப் பிரிவில் 18. சுவீடனின் தேசியப் பதிவேட்டிலிருந்து 22,327 நோயாளிகளை ஆராய்ந்து 2015-இல் வெளியான கட்டுரையும், முன்கூட்டியே எடை குறைத்தவர்களுக்குச் சிக்கல்கள் குறைவு என்று கண்டது. எல்லா ஆய்வும் இதே முடிவைத் தரவில்லை. ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் நடந்து 2007-இல் வெளியான ஆய்வில், எடை குறைத்தவர்களுக்கு அறுவை நேரம் சுமார் 257 நிமிடங்களிலிருந்து 220 நிமிடங்களாகக் குறைந்தது. சிக்கல்களில் வேறுபாடு இல்லை.

அறுவையே முன்னேற்பாடாக

உடல் நிறைச் சுட்டெண் என்பது எடையைக் கிலோவில் எடுத்து, உயரத்தின் மீட்டர் அளவின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது. இது 60-ஐயும் தாண்டியவர்களுக்கு இரண்டு வார உணவு போதவில்லை. நியூயார்க்கில் பணியாற்றிய மிஷெல் கான்யேயும் அவர் குழுவினரும் இத்தகையவர்களுக்கு அறுவையை இரண்டாகப் பிரித்தனர். முதலில் இரைப்பையின் பெரும்பகுதியை நீக்கி ஒரு குழாய் அளவுக்குச் சுருக்குவது. எடை இறங்கிய பின் பைபாஸ். 2003-இல் வெளியிட்ட அவர்களின் முதல் அனுபவத்தில் 7 நோயாளிகளின் சராசரிச் சுட்டெண் 63-லிருந்து 50-ஆக இறங்கியபின் இரண்டாம் அறுவை நடந்தது. முதற்கட்டத்திலேயே போதிய அளவு இளைத்த சிலர் இரண்டாம் கட்டத்துக்குத் திரும்பி வரவேயில்லை. முன்னேற்பாடாகப் பிறந்த அந்த 'ஸ்லீவ்' அறுவை பின்னர் தனிச் சிகிச்சையாகி, அமெரிக்காவில் பைபாஸையும் முந்திவிட்டது.

காப்பீட்டு நிறுவனங்களின் நிபந்தனை

1991-இல் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் கூட்டிய வல்லுநர் மாநாடு, சுட்டெண் 40-க்கு மேற்பட்டவர்களும், கடும் துணைநோய்கள் இருந்தால் 35-க்கு மேற்பட்டவர்களும் அறுவைக்கு உரியவர்கள் என்றது. முதன்முறையாகச் சிகிச்சை தேடி வருபவருக்கு அறுவை அல்லாத திட்டத்தை முதலில் கருதலாம் என்றும் அது கூறியது. அமெரிக்காவில் ஆண்டுக்கு நடக்கும் உடற்பருமன் அறுவைகள் 1998-இல் சுமார் 13,000 ஆக இருந்து, 2003-இல் ஒரு லட்சத்தைத் தாண்டியதாக மதிப்பிடப்பட்டது. செலவும் அதே வேகத்தில் ஏறியது. காப்பீட்டு நிறுவனங்கள் பல, மருத்துவர் கண்காணிப்பில் 6 மாதம் உணவுக் கட்டுப்பாட்டில் இருந்ததற்கான சான்று வேண்டும் என்று விதித்தன. சில திட்டங்கள் 3 மாதம் கேட்டன. சில ஓராண்டு வரை கேட்டன. மாதந்தோறும் இடைவிடாமல் வருகை பதிவாகியிருக்க வேண்டும் என்பதால், ஒரு மாதம் தவறினாலும் விண்ணப்பம் மறுக்கப்படக்கூடும். கூலி வேலையில் விடுப்பு கிடைக்காத ஒருவருக்கு இது சின்ன விஷயமன்று.

கல்லீரல் சுருங்க 2 வாரம் போதும் என்றிருக்க, 6 மாதம் எதற்கு? நோயாளியின் மனவுறுதியைச் சோதிக்கவே என்று விளக்கம் தரப்பட்டது. வெர்ஜினியாவில் நடந்து 2006-இல் வெளியான ஆய்வு இவ்விளக்கத்தை ஆட்டங்காணச் செய்தது. கட்டாய உணவு ஆலோசனைக்கு உட்பட்டவர்களில், அறுவை பெறாமலே விலகிப்போனவர்களின் விகிதம் மற்றவர்களைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. அறுவை பெற்றவர்களிடமோ கூடுதல் பலன் எதுவும் காணப்படவில்லை.

விலகிப்போவது உயிரோடு தொடர்புடையது. 1987-இல் தொடங்கிய சுவீடன் உடற்பருமன் ஆய்வு, அறுவை பெற்ற 2,010 பேரையும் பெறாத 2,037 பேரையும் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்தது. அறுவை பெற்றவர்களிடம் இறப்பு அபாயம் ஏறத்தாழ 29 விழுக்காடு குறைவு என்று 2007-இல் அறிவித்தது. நீரிழிவும் இதயநோயும் உள்ள ஒருவரை 6 மாதம் நிறுத்திவைப்பதை வெறும் நடைமுறைத் தாமதம் என்று கொள்ள முடியாது.

அமெரிக்க வளர்சிதைமாற்ற, பேரியாட்ரிக் அறுவைச் சங்கம் 2011-இலும் 2016-இலும் நிலைப்பாட்டு அறிக்கைகள் வெளியிட்டது. காப்பீட்டுக்காக விதிக்கப்படும் கட்டாய எடைக் குறைப்பு பாரபட்சமானது, அறிவியல் ஆதாரமற்றது என்று அது கண்டித்தது. 2022-இல் பன்னாட்டுக் கூட்டமைப்புடன் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதலிலும் அதே கருத்து இடம்பெற்றது. அறுவையை எளிதாக்கும் குறுகிய கால உணவுமுறையை இச்சங்கம் எதிர்க்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

இன்றைய நடைமுறை

2022 வழிகாட்டுதல், துணைநோய் இல்லாவிட்டாலும் சுட்டெண் 35 இருந்தால் அறுவையைப் பரிந்துரைக்கிறது. ஆசியர்களுக்குக் குறைந்த சுட்டெண்ணிலேயே நீரிழிவு முதலியவை வருவதால், 27.5 முதலே அறுவையைப் பரிசீலிக்கலாம் என்கிறது. இந்திய மருத்துவமனைகளிலும் அறுவைக்கு முன் ஒன்று அல்லது இரண்டு வாரம் திரவ உணவு தருவது வழக்கம். புரதப் பொடி, மோர், வடிகட்டிய சூப் போன்றவை அதில் இடம்பெறும்.

இவ்வுணவைத் தாமாகத் தொடங்குவது ஆபத்து. இன்சுலினோ, சர்க்கரையைத் தாழ்த்தும் சில மாத்திரைகளோ எடுப்பவர், அளவை மாற்றாமல் உணவை மட்டும் குறைத்தால் இரத்தச் சர்க்கரை அபாயகரமாக இறங்கும். எஸ்ஜிஎல்டி2 வகை மாத்திரைகளால், சர்க்கரை அளவு அதிகம் ஏறாமலே இரத்தம் அமிலமாகும் நிலை வரலாம். அதனால் அறுவைக்குக் குறைந்தது 3 நாட்களுக்கு முன்பே அவற்றை நிறுத்த வேண்டும் என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2020-இல் அறிவித்தது. எர்டுகிளிஃப்ளோசினுக்கு மட்டும் 4 நாட்கள். வேகமாக இளைப்பவர்களுக்குப் பித்தப்பைக் கல் உருவாகும் வாய்ப்பும் கூடுகிறது.

2021-இல் எடைக் குறைப்புக்காக அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற செமாகுளுடைட் போன்ற ஊசி மருந்துகள், அறுவைக்கு முன்பும் பயன்படுத்தப்படுகின்றன. இவை இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துவதால், மயக்க மருந்து தரும்போது உள்ளிருக்கும் உணவு மேலேறி நுரையீரலுக்குள் போகக்கூடும். எனவே வாரம் ஒருமுறை போடும் ஊசியை அறுவைக்கு ஒரு வாரம் முன்பே நிறுத்துமாறு அமெரிக்க மயக்கவியலாளர் சங்கம் 2023-இல் கூறியது. அடுத்த ஆண்டே பல சங்கங்கள் கூடி இதைத் தளர்த்தின. பெரும்பாலோர் மருந்தைத் தொடரலாம், அபாயம் மிகுந்தவர்கள் முதல் நாள் திரவ உணவு மட்டும் கொள்ளலாம் என்பது புதிய பரிந்துரை.